மக்கள் சாசனம் சுவரில் நின்ற வரலாறு

பொதுமக்களுக்குச் சேவை செய்யும் ஒவ்வோர் அலுவலகத்திலும் மக்கள் சாசனம் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்று எங்கள் நகரசபைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒட்டப்படாத அலுவலகம் எந்தச் சேவையும் செய்யக் கூடாது என்பது அதன் இரண்டாம் பத்தி. நல்ல நோக்கம்தான். சேவை கிடைக்காவிட்டாலும் என்னென்ன கிடைக்காமல் போகிறது என்பதை நின்றபடி வாசித்துத் தெரிந்துகொள்ளலாம்.

காகிதத்தில் எழுதி ஆணியடித்து மாட்டலாம் என்றார் ஓர் எழுத்தர். அவர் இப்போது கல்லறைப் பிரிவில் பணிபுரிகிறார். தலைநகர் லுசாக்காவின் வங்கிகளில் எல்லாம் ஸ்டிக்கர் மாதிரியான வினைல் எழுத்துத்தான் ஒட்டுகிறார்கள் என்பதை நகரசபைச் செயலர் திரு. சிமுசோக்வே நேரில் போய்க் கண்டு வந்திருந்தார். ஆகவே நமக்கும் வினைல் என்று முடிவாயிற்று. சாசனம் ஐந்து வரி, ஒவ்வோர் எழுத்தும் ஒரு சாண். "எல்லா விண்ணப்பமும் அன்றே முடிக்கப்படும்" என்பது முதல் வரி.

ஒட்ட வந்தவர் கபாசோ. ஊரிலுள்ள மினிபஸ்களில் பாதிக்கு மேல் அவர் கை பட்டவை. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு முகர்ந்து பார்த்தார்.

"பெயின்ட் எப்ப அடிச்சீங்க, செயலர் ஐயா?"

"முந்தாநாள். மாகாண அதிகாரி வர்றார்ல."

"மூணு வாரம் விடணும். மேல காஞ்சிருக்கு, உள்ள இன்னும் ஆவி விட்டுட்டிருக்கு. எழுத்தை உப்பித் தள்ளிடும்."

"அவர் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வர்றார். வர்றப்பல்லாம் புதுசா பெயின்ட் அடிக்கணும்னு விதி இருக்கு. மூணு வாரத்துக்கு நான் எங்கய்யா போவேன்?"

கபாசோ இன்னொன்றும் சொன்னார். அது அழுக்கே ஒட்டாத விலையுயர்ந்த பெயின்ட். அழுக்கு ஒட்டாத இடத்தில் எழுத்தும் ஒட்டாது. கெட்டிப் பசை உள்ள வினைல் வேண்டும். முதலில் ஒரு சிறு துண்டை ஒட்டி, ஒரு நாள் விட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். எதுவுமே ஒட்டாத பெயின்டையும் எதிலும் ஒட்டும் எழுத்தையும் ஒரே கூட்டத்தில், ஒரே தீர்மானத்தில் வாங்கியிருந்த நகரசபை, இழுத்துப் பார்ப்பது அரசுச் சொத்தைச் சேதப்படுத்தும் செயல் என்று பதில் தந்தது.

செவ்வாய்க்கிழமை ஒட்டினார்கள். புதன்கிழமை காலை, வரிசையில் நின்றவர்களின் தலைமேல் முதல் வரி பாதி பிரிந்து சரிந்தது. பத்து மணிக்குள் ஐந்து வரிகளும் ஓரம் பிரிந்து நாக்கைத் தொங்கவிட்டன. இரண்டாம் பத்தியின்படி கவுன்டர்கள் மூடப்பட்டன. நகரசபையில் நான் பார்த்த ஒரே உடனடி நடவடிக்கை அதுதான்.

விசாரணைக் குழு கூடியது. இது கடைக்காரர் மற்றும் குடியிருப்போர் உரிமைச் சங்கத்தின் சதி என்று கண்டுபிடித்தது. அந்தச் சங்கத்தின் செயலாளர் நான். நாங்கள் செய்யவில்லை. செய்ய முடிந்திருந்தால் பெருமையோடு ஒப்புக்கொண்டிருப்போம்.

மூடிய கவுன்டருக்கு வெளியே நின்றவர்களில் ஒருவர், பிள்ளையின் பெயரைச் சொல்லியே ஊர் அழைக்கும் கசோண்டேயின் அம்மா. பஸ் நிலைய வாசலிலிருந்து மூன்றாவது கடையில் பதினோரு வருடமாக, கிழங்கு மாவும் நிலக்கடலையும் சேர்த்துச் சிக்காண்டா வேகவைத்துத் துண்டு போட்டு விற்கிறார். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் கடை உரிமத்தைப் புதுப்பிக்காவிட்டால் அந்த இடம் கவுன்சிலரின் மைத்துனருக்குப் போய்விடும். மைத்துனர் அளவெடுத்துவிட்டுப் போயிருந்தார்.

வியாழக்கிழமை கசோண்டேயின் அம்மா நேரே சுவரிடம் போனார். தொங்கிய முதல் வரியைத் தூக்கி இரு கைகளாலும் அழுத்திக்கொண்டார்.

"செயலர் ஐயா, இப்ப ஒட்டியிருக்கா, இல்லையா?"

திரு. சிமுசோக்வே பக்கத்தில் வந்து கவனமாகப் பார்த்தார். "ஒட்டியிருக்கு."

"அப்ப கவுன்டரைத் திறங்க."

சுற்றறிக்கையை மறுபடி வாசித்தார்கள். எதனால் ஒட்டியிருக்க வேண்டும் என்று அதில் இல்லை. இன்னும் நான்கு பேர் மற்ற நான்கு வரிகளை அழுத்தினார்கள், கவுன்டர் திறந்தது. அன்று நாற்பது பேருக்கு வேலை முடிந்தது. சுவரைப் பிடித்த ஐவருக்கு முடியவில்லை. அவர்கள் கையை எடுத்தால் கவுன்டர் மூடிவிடும்.

இந்த அநீதியைப் பார்த்துக்கொண்டு சங்கம் சும்மா இருக்குமா? அன்று மாலையே பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தோம். இரண்டு மணி நேர முறைவேலை, குடிதண்ணீர், ஒரு கையால் பிடித்தாலே போதும் என்ற சலுகை, கூடவே முறைவேலையைக் கவனிக்க எங்கள் ஆட்களிலிருந்து பன்னிரண்டு மேற்பார்வையாளர்கள். சுரங்க வேலைநிறுத்தத்திற்குப் பிறகு நாங்கள் கண்ட மாபெரும் வெற்றி. துண்டறிக்கை அடித்தோம்.

வெள்ளிக்கிழமை கசோண்டேயின் அம்மாவுக்கு இரண்டிலிருந்து நான்கு வரை முறை விழுந்தது. மூன்றரைக்கு என்னைக் கூப்பிட்டார்.

"தோழரே, ஒரு நிமிஷம் இதைப் பிடிங்க. கையெழுத்துப் போட்டுட்டு ஓடி வந்துடறேன்."

"நாம போட்ட முறையை நாமளே உடைச்சா அவங்க மதிப்பாங்களாம்மா? நாலு மணி வரைக்கும் பொறுங்க."

"நாலு மணிக்கு கவுன்டரை மூடிடுவாங்களே."

"அதைத்தான் அடுத்த கோரிக்கையா வைக்கப் போறோம்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றித் துண்டறிக்கையில் எதுவும் எழுதவில்லை. மாகாண அதிகாரி வந்தார்; சுவரோடு சுவராக நின்ற மக்களைக் கண்டு, மக்கள் பங்கேற்பு என்றால் இதுதான் என்றார்; படம் எடுத்துக்கொண்டார். நான்கு மணிக்குக் கவுன்டர் மூடியது. சனிக்கிழமை மைத்துனர் கடை திறந்தார்.

கைகள் இருந்ததால் பெயின்டர்களால் சுவரை நெருங்க முடியவில்லை. அடுத்த வருகைக்குப் புதுப் பூச்சு இல்லை. அப்படியே மூன்று வாரம் கடந்தது. கபாசோ கெட்டிப் பசை வினைலோடு வந்தார். கைகளுக்கிடையே புகுந்து சுவரை ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேய்த்து ஒட்டினார். மறுநாள் வந்து ஒரு மூலையை இழுத்தார். அவர் நகம்தான் பெயர்ந்தது; எழுத்து அசையவில்லை.

"அவ்வளவுதான். இனி யாரும் பிடிக்க வேணாம்" என்றார்.

சங்கம் அவசரமாகக் கூடியது. பன்னிரண்டு மேற்பார்வையாளர்களை என்ன செய்வது? போராடிப் பெற்ற உரிமையை ஒரு பசைக்காரர் சொல்லி விட்டுக்கொடுப்பதா? கைகளை அகற்ற முயன்றால் ஊரே ஸ்தம்பிக்கும் என்று நோட்டீஸ் கொடுத்தோம். நகரசபை பணிந்தது. முறைவேலை நிரந்தரமாயிற்று.

கசோண்டேயின் அம்மா மட்டும் கையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எதுவும் விழவில்லை. ஒற்றுமையைக் குலைத்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அவருக்குக் கடிதம் எழுதினோம். எழுதியது நான்தான். நல்ல கடிதம்.

அவர் இப்போது நகரசபை வாசலில் கூடையில் வைத்து விற்கிறார். சுவர் பிடிக்கும் எங்களிடம் நல்ல வியாபாரம். நேற்று எனக்கு ஒரு துண்டு சிக்காண்டா அனுப்பியிருந்தார், என் கடிதத்திலேயே சுற்றி. பக்கத்தில் நின்றவர்தான் ஊட்டிவிட்டார். முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்பதற்காக, சங்கப் பொறுப்பாளர்கள் இரண்டு கைகளாலும் பிடிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.