நற்கிரியைகளைக் கைவிட்ட ஒரு வாரம்

சென்ற ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, காலை ஆறே முக்கால் மணிக்கு, நான் நற்கிரியைகளைக் கைவிட்டேன்.

வாசகர்கள் பதறவேண்டாம். கொலை, களவு, பொய்ச்சாட்சி ஆகியவற்றுள் எதையும் அதற்குப் பதிலாக நான் மேற்கொள்ளவில்லை. கைவிட்டவை மூன்றே மூன்று: தேங்காய் திருவுதல், முற்றம் கூட்டுதல், நெல்லியடிச் சந்தைக்குப் போதல். கச்சேரி எனும் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞனாக முப்பத்தோராண்டு குப்பை கொட்டி ஓய்வுபெற்ற மறுநாளே என் மனைவி மகாதேவி எனக்கு மனமுவந்து வழங்கிய பதவி உயர்வுகள் அவை.

கைவிட்டதற்குக் காரணம் சோம்பல் அன்று. இறையியல்.

எங்கள் லுத்தரன் சபை பதினொரு குடும்பங்களைக் கொண்டது. மழை பெய்தால் ஏழு. போதகர் கொலின்ஸ் வவுனியாவிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய ஞாயிறு ஆராதனை முடிவில் அவர் ஓர் அறிவித்தல் விடுத்தார். தாம் வராத ஞாயிறுகளில் வேதம் வாசித்துச் சிறு பிரசங்கமும் செய்ய ஒரு வாசகர் வேண்டும். விருப்பமுள்ளவர் தமக்குப் போன் எடுத்துச் சொல்லலாம். சொன்னவரை வருகிற சனிக்கிழமை வீட்டிலே வந்து கண்டு பேசுவார். தகுதி இருந்தால் மறுநாள், லுத்தரன் சபைகள் பிறந்த நினைவாகக் கொண்டாடும் சீர்திருத்தத் திருநாளுக்காகத் தாம் தங்கி நிற்கும்போதே, நியமனம்.

அறிவித்தலைக் கேட்டதும் என் உள்ளம் உருகிற்று. கச்சேரியில் முப்பத்தோராண்டும் பிறர் சொன்னதை எழுதியவன் நான். நான் சொல்ல, நாலுபேர் வாயடைத்துக் கேட்ட நாள் ஒன்றுகூட என் வாழ்க்கைக் குறிப்பில் இல்லை. வீட்டு நிலைமை சொல்லத் தேவையில்லை. ஒருமுறை, ஒரே ஒருமுறை, அந்தப் பிரசங்க பீடத்தில் ஏறி நிற்கவேண்டும் என்ற ஆசை என்னைப் பிடித்துக்கொண்டது.

ஆயினும் நான் போன் எடுக்கவில்லை. விருப்பத்தைத் தெரிவிப்பது பெருமை, தெரிவியாதிருப்பது தாழ்மை. மூன்று தலைமுறையாக லுத்தரன் என்றாலும், தமிழ் மணம் விடாமல் பழைய பக்திப் பாடல்களை நாற்பது ஆண்டு ஓதியவன் நான். நாயேன், கடையேன், ஏழையேன் என்று ஒடுங்கி நின்ற அடியார்களைத் தேடி இறைவனே கால்நடையாக வந்திருக்கிறான். கொலின்ஸ் போதகர் மோட்டார்ச் சைக்கிளில் வரமாட்டாரா?

இதை அன்று மத்தியானச் சாப்பாட்டின்போது மகாதேவிக்கும் விரிவாக எடுத்துரைத்தேன். அவள் மீன்முள்ளை ஒதுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை விடியுமுன் எழுந்து பிரசங்கம் எழுதத் தொடங்கினேன். மனிதன் தன் கிரியைகளால் அன்று, கிருபையினாலேயே, விசுவாசத்தின் மூலம் நீதிமானாக்கப்படுகிறான் என்பதே பொருள். நாலாம் பக்கத்தில் நான் விண்ணளவு உயர்ந்து நின்ற வேளையில் குசினியிலிருந்து குரல் வந்தது.

"இஞ்சேருங்கோ! தேங்காய் உடைச்சு வைச்சு எவ்வளவு நேரம்?"

பேனா நின்றது. ஆனால் அடுத்த கணமே, எழுதியதை வாசித்துப் பார்த்தபோது, என் விடுதலைப் பத்திரத்தை நானே எழுதிவைத்திருப்பது தெரிந்தது. குசினிக்குப் போய் நிமிர்ந்து நின்றேன்.

"மகாதேவி, இனி நான் தேங்காய் திருவமாட்டன்."

"ஏன், கை நோகுதோ?"

"கை இல்லை. உபதேசம்."

"உபதேசம் எவ்விடத்திலை நோகுது?"

"பகிடி வேண்டாம். கிரியையாலை ஒருத்தனும் நீதிமான் ஆகேலாது. அஞ்சு வருசமா நான் ஏன் தேங்காய் திருவினனான்? உம்மட்டை நல்ல பேர் எடுக்க. அது கிரியையிலை நம்பிக்கை வைக்கிற பாவம். இண்டையோடை மனந்திரும்பியிட்டன்."

"அஞ்சு வருசத்திலை என்னட்டை நல்ல பேர் எடுத்தனீங்களோ?"

"இல்லை."

"அப்ப ஒரு பாவமும் நடக்கேல்லை. இருந்து திருவுங்கோ."

நான் அசையவில்லை. சீர்திருத்தக்காரர்கள் பேரரசர்களுக்கு முன்பே அசையாமல் நின்றவர்கள். ஆனால் போர் மூளவில்லை. மகாதேவி கையைத் துடைத்துக்கொண்டு திருவலையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நான் புத்தூரிலை சைவ வீட்டிலை பிறந்து வளர்ந்தனான். எனக்கு உந்த உபதேசம் எல்லாம் வடிவாப் பிடிபடாது. நான் திருவுறன். நீங்கள் பக்கத்திலை இருந்து விளங்கப்படுத்துங்கோ."

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். முப்பத்து நாலு ஆண்டுகளுக்கு முன், எங்கள் திருமணத்துக்கு முந்திய ஞானஸ்நானத்துக்காக, ஞானோபதேசம் முழுவதையும் ஆறு வாரத்தில் மனப்பாடம் செய்து உபதேசியாரைத் திடுக்கிட வைத்தவள் இவள். அதே வகுப்பில் பின்வரிசை வாங்கில் இருந்து உறங்கியவன் யார் என்பதை இங்கே எழுதவேண்டிய அவசியமில்லை. பிறவியிலே லுத்தரனாயிருப்பவனுக்கு மனப்பாடம் எதற்கு?

சந்தேகம் வரவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அருட்பெருவெள்ளமானது," என்று தொடங்கினேன், "ஆன்மாவாகிய வறுநிலத்தை நாடித் தானே பெருகிவந்து..."

"வெள்ளமோ? எந்தப் பக்கத்தாலை வருது?"

"பக்கம் முக்கியமில்லை."

"தோட்டக்காரனுக்கு அதுதான் முக்கியம். சரி, வந்து?"

"நிலம் யாதொரு தகுதியும் இல்லாதிருக்கையிலே அதனை நிறைத்து..."

"கொஞ்சம் பொறுங்கோ." எழுந்துபோய் ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுவந்தாள். "எழுதி வைக்காட்டி மறந்துபோடுவன். யாதொரு தகுதியும் எண்டதை லேசாச் சொல்லுங்கோ."

என் சொல்லை ஒருவர் கொப்பியில் எழுதுகிறார்! கச்சேரியில் என்னை ஆண்ட அதிகாரிகள் அனைவரும் என் மனக்கண்ணில் வரிசையாக வந்து நின்று பொறாமைப்பட்டுப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை முற்றம் கூட்டுவதை விட்டேன். அவள் கூட்டினாள், நான் பின்னால் நடந்துகொண்டே விசுவாசத்தை விளக்கினேன். புதன்கிழமை சந்தையை விட்டேன். அவள் பையுடன் புறப்பட, படலைவரை கூடப்போய் மனந்திரும்புதலை விளக்கினேன். ஒவ்வோர் உபதேசத்துக்கும் ஒரு வேலை கழன்றது. அவளோ ஒவ்வோர் உபதேசத்துக்கும் பத்துக் கேள்வி கேட்டாள். "உது புத்தகக் கதை. வீட்டுக் கதையாச் சொல்லுங்கோ," என்பாள். சொன்னதை எழுதுவாள். எழுதியதில் பாதியை வெட்டுவாள்.

புதன் பின்னேரம் அடுத்த வீட்டுக் கனிசியஸ் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினான். கொழும்புத்துறையிலிருந்து இங்கே சம்பந்தம் செய்து வந்தவன், கத்தோலிக்கன், ஊர்ச் செய்தி எதுவும் அவன் வேலியைத் தாண்டாமல் போகாது.

"அண்ணை, அக்கா பையைத் தூக்கிக்கொண்டு தனியச் சந்தைக்குப் போறா. உங்களுக்குச் சுகமில்லையோ?"

"பூரண சுகம். நற்கிரியைகளை விட்டிட்டன்."

"எங்கடை சுவாமியட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்தால் பத்துச் செபம், ஒரு தர்மம் எண்டு ஏதாவது செய்யச் சொல்லுவார். உங்கடை ஐயா ஒண்டும் சொல்லுறேல்லையோ?"

"மன்னிப்பு எங்கள் சபையிலே முற்றிலும் இலவசம், கனிசியஸ்."

"தேங்காய் திருவுறதும் இல்லை?"

"இல்லை."

"அண்ணை, அடுத்த ஞாயிறு எத்தினை மணிக்குப் பூசை?"

"ஆராதனை. ஒன்பது மணி."

அவன் சற்று யோசித்தான். "உதுக்கெல்லாம் அக்கா என்ன சொன்னவ?"

"ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கொப்பியிலே எழுதுகிறாள்."

கனிசியஸின் முகம் மாறிற்று. "சண்டை பிடிக்கேல்லையோ?"

"இல்லை."

"ஏசவுமில்லை?"

"இல்லையடா."

அவன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். "அண்ணை, நான் பழைய சபையிலையே இருக்கிறன்."

வியாழக்கிழமை போன் மணி அடித்தது. மகாதேவிதான் எடுத்தாள். "ஓம் ஐயா... சரி ஐயா... நாலு மணிக்கு வாங்கோ ஐயா." வைத்துவிட்டுச் சொன்னாள்: "சனிக்கிழமை போதகர் ஐயா எங்கடை வீட்டுக்கு வாறாராம்."

"பார்த்தீரோ!" என்று துள்ளினேன். "நான் ஒரு சொல் சொன்னேனா? தாழ்மை, மகாதேவி, தாழ்மை!"

"ஓமோம்," என்றாள், "அதுக்குப் பலன் இருக்கத்தான் செய்யுது."

சனிக்கிழமை நாலு மணிக்கு மோட்டார்ச் சைக்கிள் படலையில் வந்து நின்றது. வெள்ளை வேட்டியும் புதிய கண்ணாடியும் அணிந்து நான் வரவேற்றேன். மகாதேவி தேத்தண்ணியும் பயித்தம் பணியாரமும் கொண்டுவந்து வைத்தாள். பதினாறு பக்கப் பிரசங்கம் என் மடியில் இருந்தது. போதகர் வாய் திறக்குமுன் நான் திறந்தேன்.

இருபத்தைந்து நிமிடம் திறந்தே இருந்தது. ஆன்மா, பிறவிக்கடல், அருட்புணை, கரை என்று நான் போதகரை ஏற்றி இறக்கினேன். அவர் மூன்று பணியாரம் உண்டார். இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு தரம் கண்ணை மூடினார். பக்திப் பரவசம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் அவர் எழுந்து என் கையைக் குலுக்கினார்.

"நல்லது அண்ணை. உங்களோடை கதைச்சது சந்தோசம். நேரமாகுது, இனி வந்த வேலையைப் பாப்பம். மகாதேவி அக்கா, நீங்கள் ஆயத்தமோ?"

மகாதேவி கொப்பியுடன் வந்து எதிர்க் கதிரையில் அமர்ந்தாள்.

"எந்த வேலை?" என்றேன்.

"வாசகர் வேலைதான் அண்ணை. போன ஞாயிறு பின்னேரமே அக்கா போன் எடுத்து விருப்பம் எண்டு சொன்னவ. பதினொரு குடும்பத்திலையும் சொன்னது அவ ஒராள்தான்." போதகர் என்னை வியப்புடன் பார்த்தார். "உங்களுக்கும் விருப்பமோ? நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே?"

நான் மனைவியைப் பார்த்தேன். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"விருப்பத்தைச் சொல்லித் திரியிறது பெருமை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" என்றாள். "ஐயாவுக்குச் சொல்லாமல் ஏலாது. உங்களிட்டையாவது தாழ்மையா இருப்பம் எண்டு விட்டிட்டன்."

போதகர் கேள்வி கேட்டார். "கிருபையாலை சும்மா மீட்கப்பட்டவன் பிறகேன் நற்கிரியை செய்யவேணும்? சின்னப் பிள்ளைக்கும் விளங்கச் சொல்லுங்கோ அக்கா."

மகாதேவி கொப்பியைத் திறக்கவேயில்லை.

"என்ரை அப்பா புத்தூரிலை வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணி மாறினவர் ஐயா. கிணத்துத் தண்ணி வாய்க்காலாலை வந்து பாத்திக்குள்ளை பாயும். பாத்தி ஒண்டும் குடுத்து அந்தத் தண்ணியை வாங்கேல்லை. சும்மா கிடந்தது, தண்ணி தானா வந்தது. அதுதான் கிருபை. ஆனால் ஒரு பாத்தி நிரம்பினால் வரம்பை வெட்டி அடுத்த பாத்திக்கு விடவேணும். விடாமல் மறிச்சு வைச்சால் அந்தப் பாத்தியிலை வெங்காயம் அழுகும், பக்கத்துப் பாத்தியிலை காயும். எங்கடை வேலை ஒண்டும் கடவுளுக்குத் தேவையில்லை. கிணத்துக்குத் தண்ணியைத் திருப்பி ஊத்திறது ஆர்? பக்கத்துப் பாத்திக்குத்தான் தேவை."

போதகர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பேனாவை எடுத்து அவள் சொன்னதைத் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். என் இருபத்தைந்து நிமிடத்தில் அவர் அந்தப் பேனாவைத் தொடவேயில்லை.

"இதை ஆரிட்டைப் படிச்சனீங்கள்?"

"இவர்தான் ஐயா விளங்கப்படுத்தினவர். நான் தேங்காய் திருவேக்கை, முற்றம் கூட்டேக்கை, சந்தைக்குப் போகேக்கை, ஒரு நேரமும் விடாமல் சொல்லித் தந்தவர்."

"நீங்கள் உதெல்லாம் செய்யேக்கை அண்ணை என்ன செய்வார்?"

"இவர் நற்கிரியைகளைக் கைவிட்டிட்டார் ஐயா."

போதகர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மன்னிக்கும் சுவிசேஷமும் இருந்தது, கண்டிக்கும் நியாயப்பிரமாணமும் இருந்தது. நியாயப்பிரமாணம் சற்றுத் தூக்கலாக இருந்தது.

"வாசகர் நீங்கள்தான் அக்கா," என்றார். "ஒரே ஒரு விசயம். பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்ய நேரம் வேணும். வீட்டு வேலை முழுக்க உங்கடை தலையிலை எண்டால் சரிவராது. எங்கடை நியமன முறையிலை வீட்டாரிட்டையும் சபைக்கு முன்னாலை ஒரு கேள்வி கேட்கிறது. அவை சம்மதம் சொல்லாட்டி நியமனம் இல்லை. அண்ணை, நாளைக்கு நீங்களும் முன்னுக்கு வரவேணும்."

ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யவில்லை. பதினொரு குடும்பமும் வந்திருந்தன. போதாததற்குக் கடைசி வாங்கில் கனிசியஸும் வந்து உட்கார்ந்திருந்தான். முடிவு தெரியாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லையாம்.

பலிபீடத்துக்கு முன்னே நாங்கள் இருவரும் நின்றோம். போதகர் மகாதேவியிடம் கேட்டவற்றுக்கு அவள் மணி அடித்தாற்போல் விடை சொன்னாள். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"இந்தச் சகோதரியின் ஊழியம் தடைப்படாதபடி, வீட்டின் பணிகளை மனமுவந்து ஏற்றுச் செய்வீர்களா?"

உண்மையைச் சொல்கிறேன். மாட்டேன் என்று சொல்லலாமா என நினைத்தேன். என் வாழ்நாளில் சபை முழுவதும் வாயடைத்து என் சொல்லுக்காகக் காத்திருந்த முதல் தருணம் அதுதான். ஒரு சொல்லில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடலாம். பக்கவாட்டில் பார்த்தேன். மகாதேவி கொப்பியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். முப்பத்து நாலு ஆண்டில் அவள் எதையும் அப்படிப் பிடித்து நான் கண்டதில்லை. அவளுக்கும் அந்தப் பீடம் வேண்டியிருந்திருக்கிறது, நான்தான் கேட்டதேயில்லை.

"ஓம்," என்றேன், தாழ்ந்த குரலில்.

மகாதேவி என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னாள்:

"கடைசி வாங்குக்குக் கேட்கேல்லை. பலமா இன்னொருக்காச் சொல்லுங்கோ."