பஞ்சோடு வந்த மீசை

அன்புள்ள கொழுந்தனார் சங்கரபாண்டிக்குத் தென்காசியிலிருந்து மதினி முப்பிடாதி எழுதுவது. பட்டாளத்தில் உங்களுக்குக் காசிவிசுவநாதர் துணை. இங்கே அனைவரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உங்க அண்ணன் போனதிலிருந்து இந்த வீட்டில் நலமாக இருப்பது பூனை மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை அவருக்குப் பதினாறாம் நாள் காரியம், மாட்டப் படம் இல்லை. ஐந்தருவியில் பழக்கடை போட்டுக்கொண்டு, குளிக்க வந்த கூட்டத்தையெல்லாம் அவங்கவங்க போனில் படம் எடுத்துக் கொடுத்த மனுசன் தான் ஒருநாளும் நிற்கவில்லை. இருப்பது ஆதார் படம் ஒன்றுதான், அதுவும் நம்ம மகள் வேல்விழி பாஸானதுக்குத் திருச்செந்தூரில் மொட்டை போட்டு மீசையும் எடுத்த வாரம் பிடித்தது. மீசை முளைக்கிறவரை வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு பழம் விற்றாரே, அந்த முகம். மீசைக்காரர் கடை என்று பேர் வாங்கினவரை அப்படி மாட்டினால் நமக்கே அடையாளம் தெரியாது என்று ஸ்டுடியோ பெலிக்ஸிடம் போனேன். கம்ப்யூட்டரில் மீசை நிறைய இருக்கு, பிடிச்சதைச் சொல்லுங்கம்மா என்றான். ஒன்று வைத்தான், அருவியில் நனைந்த மாதிரி தொங்கியது. இன்னொன்றை வைத்தான், கூட வந்த உங்க அக்கா சங்கரேஸ்வரி, “ஏ மதினி, இது எங்க அண்ணனா, கோயில் வாசல்ல அருவாளோட நிக்கவரா?” என்கிறாள். அழ வந்த இடத்தில் சிரித்துத் தொலைத்தேன். பிறகு நம்ம பூட்டனார் படம் ஞாபகம் வந்தது. அதைப் பார்த்துத்தானே உங்க அண்ணன் தினமும் முறுக்குவார்? அந்த மீசையையே எடுத்து வைக்கட்டும் என்று கொடுத்தேன். பெலிக்ஸ் சட்டத்தைக் கழற்றி, தூசி போக ஈரப்பஞ்சால் ஒரு துடைப்பு துடைத்தான். மீசை பஞ்சோடு வந்துவிட்டது. “அம்மா, இது அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரன் மையில வரைஞ்சதுல்லா” என்கிறான். மூன்று தலைமுறை முறுக்கினது ஒரு சொட்டு மைக்கு.

ஆகையால் உங்கள் மீசையை நேராக, பக்கவாட்டாகப் படம் எடுத்து உடனே அனுப்பவும். மழையிலும் பனியிலும் அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ஆசியுடன் மதினி

பின்குறிப்பு: மீசை வேண்டாம். இந்தக் கடிதத்தைப் போனில் படம் பிடித்து அனுப்ப வேல்விழி மறந்துபோய், வெள்ளிக்கிழமையும் முடிந்துவிட்டது. மீசை போன பூட்டனாரைப் பார்த்தால், சிரிப்பை அடக்குகிற அதே மேலுதடு, அச்சாக உங்க அண்ணன். சரி, இதுதான் நம்ம வீட்டு முகம் என்று ஆதார் படத்தையே பெரிதாக்கிப் பக்கத்தில் மாட்டினேன். வந்தவர்கள், தலையில் முடி இருக்கிறவர்தான் உங்க அண்ணன் என்று பூட்டனாருக்கு மாலை போட்டு, “அண்ணாச்சி, போயிட்டீரே” என்று அழுதார்கள். ஸ்டுடியோவுக்குக் கூட வந்த சங்கரேஸ்வரியும்தான். பக்கத்தில் உங்க அண்ணன் மாலை விழாமல், மொட்டைத்தலையோடு, உயிரோடு இருக்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் வந்தாலும் மாலையை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.