மச்சானுக்கு நான் பார்த்த தைல வைத்தியம்

ஏற்காட்டில் தைலக்கடை வைத்திருப்பவனுக்கு இரண்டு வருஷத்தில் ஒரு வியாதி வரும். தன்னைப் பாதி டாக்டர் என்று நம்ப ஆரம்பிப்பான். எனக்கு ஆறே மாதத்தில் வந்தது. (வேறு எதிலும் நான் இவ்வளவு சீக்கிரம் தேறியதில்லை.) ஏரிப் பக்கம் வரும் டூரிஸ்ட்டுகளின் புறங்கையில் யூகலிப்டஸ் தைலத்தைத் தடவி, "மோந்து பாருங்க, நெஞ்சுச்சளி, தலவலி எல்லாம் போயிரும்" என்பேன். அவர்கள் நம்பினார்களோ என்னவோ, நான் நம்பிவிட்டேன்.

கல்யாணமான புதிது. என் மனைவி சரசுவின் அண்ணன் பழனிச்சாமி சேலத்திலிருந்து எங்களைப் பார்க்க வந்தார். "எங்கண்ணனுக்கு ஆஸ்துமா இருக்குதுங்க, இந்தக் குளிரு ஒத்துக்குமோ என்னமோ" என்று சரசு முன்பே சொல்லியிருந்தாள். சளி முத்தினால் ஆஸ்துமா, இது தெரியாதா என்று நான் காதில் வாங்கவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மச்சானுக்கு இருமல். வீட்டுக்குக் கூட்டிவந்தபோது சரசு பால் வாங்கப் போயிருந்தாள்.

"எப்படிங்க மச்சான் இருக்குது?"

"கொஞ்சம்..." மூச்சு. "மூச்சு..." மறுபடி மூச்சு. "முடியல."

மூன்று வார்த்தையை மூன்று துண்டாகச் சொன்னார். பொண்ணு கொடுத்த கெத்து, நம்மிடம் முழுசாகப் பேசக்கூட மாட்டேன் என்கிறார் என்று நினைத்தேன். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. மூச்சு இழுக்கும்போதெல்லாம் தொண்டைக்குழி உள்ளே போனது. குளிர் நடுக்கம் என்று முடிவு கட்டினேன்.

மல்லாக்கப் படுக்கவைத்தேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். அமுக்கிப் படுக்கவைத்தேன். சன்னலைச் சாத்தி, பரணில் கிடந்த கம்பளியை உதறாமலே கழுத்துவரை போர்த்தி, நெஞ்சில் அரை பாட்டில் தைலம் தேய்த்தேன். போதாதென்று தலைமாட்டில் சாம்பிராணி வேறு. அந்த அறையில் கொசுவே திணறியிருக்கும். மச்சான் கையை நீட்டித் தன் பையைக் காட்டினார்.

"பலகாரத்துக்கு என்னங்க அவசரம்? சரசு வரட்டும், சேந்து திங்கலாம்" என்றேன்.

அவர் நெஞ்சுக்குள் கேட்ட விசில் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகியிருந்தது. மேதாவி நான், சத்தம் நின்றதை மட்டும் கவனித்தேன். சரசுவின் தலை வாசலில் தெரிந்ததும், "உங்கண்ணனுக்குச் சரியாப் போச்சு பாரு" என்றேன்.

அவள் பால் தூக்கைக் கீழே போட்டாள். சன்னலைத் திறந்து, கம்பளியை என்மேல் எறிந்து, அண்ணனை நிமிர்த்தி உட்காரவைத்தாள்.

"பையில இன்ஹேலர் இருக்குமே, அண்ணன் கேக்கலீங்களா?"

"காட்டினாரு. நான் முறுக்குன்னு..."

அவள் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. இன்ஹேலரை எடுத்து அண்ணன் வாயில் வைத்ததும் குரல் மட்டும் மாறியது. "மெதுவா இழுங்கண்ணா. நான் இருக்கறேன்." சற்று விட்டு இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. பிறகு என் பக்கம் திரும்பாமலே, "ஜீப்பு" என்றாள். அன்று நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் ஓடி ஜீப்பைக் கொண்டுவந்ததுதான்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்த நர்ஸம்மா மூக்கைச் சுளித்தார். "இதப் பூசினது ஆருங்க?"

கேட்கவே வேண்டாம், என் சட்டையிலும் அதே வாசம். "விசில் சத்தம் நின்னதுமே சரியாயிருச்சுன்னு..." என்று இழுத்தேன்.

"உள்ள காத்தே போகலைன்னாலும் சத்தம் நின்னுருமுங்க. இன்னுங் கொஞ்ச நேரம் உட்டிருந்தா..." அவர் முடிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் மச்சான் என்னைக் கூப்பிட்டார். அன்று அவர் நிறுத்தாமல் சொன்ன முதல் பேச்சு இது: "படுக்கப் போட்டீங்க, போத்தி உட்டீங்க, தலமாட்டுல சாம்பிராணியும் போட்டீங்க. மால ஒண்ணுதானுங்க மாப்ள பாக்கி."

இன்றைக்கும் எங்கள் குடும்ப விசேஷத்தில் யாராவது லேசாக இருமினால் போதும், "மாப்ள, மால வாங்கியாச்சுங்களா?" என்று பந்தியிலிருந்து ஒரு குரல் வரும். மச்சானேதான். இடையில் மூச்சு வாங்காமல் முழுசாகச் சொல்கிறார். அதைக் கேட்கும்போது எனக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது.