சங்கிலிக் கொம்பு

படியளந்தபுரம் என்று ஒரு நாடு. அதை எந்தப் படத்திலும் தேட வேண்டாம். படம் வரைந்தவர்கள் கோடு போட்டபோது அது விட்டுப்போய்விட்டது. நாட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. உழைக்கிறவர்கள் எல்லாரும் இக்கரையில். மருத்துவமனை அக்கரையில். ஏன் அங்கே கொண்டுபோய்க் கட்டினீர்கள் என்று கேட்டால், நோயாளிக்கு நல்ல காற்று வேண்டும் என்றார்கள். காரணம் சரியாகத்தான் இருந்தது. கேட்டவர்களுக்குத்தான் ஏனோ நம்பிக்கை வரவில்லை.

அந்த நாட்டில் மன்னர் மாறுவதில்லை. தேர்தல் வந்தால் முதலமைச்சர் மட்டும் மாறுவார். அப்போது முதலமைச்சராக இருந்தவர் சிக்கனராயர். எதிர்க்கட்சித் தலைவர் எதிராசனார். மூன்று தலைமுறையாக எதிர்த்துக்கொண்டிருக்கும் குடும்பம்.

மக்களுக்கு மூன்று காரியங்கள் இலவசமாக நடந்தன. ஒன்று கஞ்சித் தொட்டி. இன்னொன்று, வேலை முடிந்து வருகிறவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் அந்திப் பள்ளி. அப்புறம் செவ்வாயும் வெள்ளியும் நோயாளிகளை அக்கரைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரும் ஓடம். இவை மூன்றும் நாட்டை அழிக்கின்றன என்று சிக்கனராயர் ஒரு நாள் கண்டுபிடித்தார்.

முதலில் அவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். வரவு செலவுத் திட்டம் வாசிக்கும் நாளில் எதிர்ப்பவர்கள் நீட்டிப் பேசிப் பேசி ஏடு வீணாகிறதாம். ஆகவே எதிர்ப்பு ஒரே ஒரு சொல்லில் இருக்க வேண்டும். அந்தச் சொல்லை அவைக் குறிப்பாளர் எழுதிக்கொள்வார். அதன் பொருளை அரசு ஆராய்ந்து ஆவன செய்யும்.

அந்த ஆண்டுத் திட்டத்தில், வாரம் ஏழு நாள் ஊற்றிய கஞ்சி நான்கு நாளானது. எதிராசனார் எழுந்தார். மேல்துண்டைச் சரிசெய்தார். "குறை!" என்று முழங்கினார். மக்களின் குறையைச் சொன்னார் அவர். சொல்லிவிட்டுத் தம் உறுப்பினர்களோடு வடக்கு வாசல் வழியாக வெளிநடப்பு செய்தார். வெளியே நின்ற கூட்டம் கைதட்டியது.

மறுநாள் சந்தைச் சுவரில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. "மாண்புமிகு எதிர்க்கட்சித் தலைவர் 'குறை' எனக் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, கஞ்சி இரண்டு நாளாகக் குறைக்கப்படுகிறது."

சுவர் முன்னால் நின்றவர்களுக்குப் படிக்கத் தெரியாது. காவலர் வாசித்தார். எதிராசனார் கேட்டு ஏதோ கிடைத்திருக்கிறது என்று மட்டும் அவர்களுக்கு விளங்கியது.

அடுத்த ஆண்டு வெட்டு பள்ளிக்கு வந்தது. செங்கல் சுமக்கிறவனுக்கு எல்லா எழுத்தும் எதற்கு என்று சிக்கனராயர் அவையில் கேட்டார். உயிர்மெய் எழுத்துகளில் கால்வாசியை நிறுத்தினால் போதும் என்பது திட்டம். எதிராசனார் எழுந்து "குறை!" என்றார். பள்ளி அந்த வாரமே மூடப்பட்டது.

அந்தப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி வெயிலுகந்தாள். சூளையில் செங்கல் சுமப்பவள். நாற்பது வயதுக்கு மேல் பலகை பிடித்தவள். ஐகார வரிசை வரைக்கும் வந்திருந்தாள். எழுத்துக்கு முன்னால் சுழித்துச் சுழித்துக் கிடக்கும் அந்தக் குறிக்குப் பெயர் சங்கிலிக் கொம்பு என்று வாத்தியார் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் புருஷன் பேரும் சங்கிலி. அதனால் அந்த ஒரு குறி மட்டும் அவளுக்கு எங்கே கண்டாலும் தெரிந்தது. 'கொடு' என்று எழுதுவதற்கு வேண்டிய எழுத்து அடுத்த வாரம் வருவதாக இருந்தது.

சங்கிலி கல்லுடைக்கிறவன். நெஞ்சு முழுக்கத் தூசி. வாரத்தில் இரண்டு நாள் அக்கரைக்குப் போய் மருந்துப் புகை பிடித்துவந்தால்தான் மூச்சு சீராகும். ஒரு முறை தவறினால் படுக்க முடியாது, உட்கார்ந்தே தூங்குவான். இரண்டு முறை தவறியவர்கள் சிலரை ஊர் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது.

அடுத்த திட்டத்தில் ஓடம் என்று பேச்சு அடிபட்டது. வெயிலுகந்தாள் சந்தைச் சுவருக்குப் போய், கிழியாமல் ஒட்டியிருந்த பழைய அறிவிப்பை விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள். 'குறை' என்ற சொல்லில் விரல் நின்றது. வீட்டுக்கு வந்தாள்.

"இந்தாருங்க, அந்த ஆளு குறைன்னு கத்துறாருல்ல, அதத்தான் இவங்க குறைச்சிக்கோன்னு எழுதிக்கிறாங்க."

சங்கிலி இருமி முடித்துவிட்டுச் சிரித்தான். "ஏ புள்ள, நாலு எழுத்து படிச்சதும் நாட்டையே படிக்க ஆரம்பிச்சிட்டியா? அம்புட்டுப் பெரிய மனுசனுக்கு இது தெரியாதா?"

"அதான் எனக்கும் சந்தேகம். தெரியாதா, இல்ல தெரியுமான்னு."

மறுநாள் எதிராசனார் வீட்டுக்கே போனாள். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து, பொதுக்கூட்டத்தில் வாசிக்க வேண்டிய கண்டன அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஓடத்துக்கு மட்டும் குறைன்னு சொல்லிராதீங்க. வேற ஏதாச்சும் சொல்லுங்க."

"அம்மா, அது எங்கள் கட்சியின் வரலாற்றுச் சிறப்புமிக்க முழக்கம்."

"இருக்கட்டுங்கய்யா. எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு இருக்கணும்ல."

அவர் கண்ணை மூடி யோசித்தார். "சரி. இம்முறை 'வேண்டாம்' என்று சொல்கிறேன். இதைவிடத் தெளிவான சொல் தமிழில் இல்லை."

அவள் கும்பிட்டுத் திரும்பும்போது அவர் கையிலிருந்த அறிக்கை கண்ணில் பட்டது. அதிலும் சங்கிலிக் கொம்பு இருந்தது. எல்லாரும் இரண்டு சுழி சுழிப்பார்கள். இதில் மூன்று சுழி. சந்தைச் சுவரில் ஒட்டியிருந்த அரசு அறிவிப்பிலும் மூன்று சுழிதான்.

"ஐயா, இது யாரு எழுத்துங்க?"

"அவைக் குறிப்பாளர் எழுத்து. அரசுக்கு ஒரு எழுத்தர், எங்களுக்கு ஒரு எழுத்தர் என்று இரண்டு சம்பளம் எதற்கு? நாட்டின் நிலைமையைப் பார்க்க வேண்டாமா? சிக்கனத்தில் நாங்கள் என்றும் ஒத்துழைப்போம்."

திட்டம் வாசிக்கும் நாள் வந்தது. ஓடம் இனி வெள்ளிக்கிழமை ஓடாது என்று சிக்கனராயர் அறிவித்தார். எதிராசனார் எழுந்து, வாக்குக் கொடுத்தபடியே "வேண்டாம்!" என்று முழங்கினார்.

சிக்கனராயர் பணிவோடு கேட்டார்: "எது வேண்டாம் என்பதை மாண்புமிகு உறுப்பினர் விளக்க இயலுமா?"

இரண்டாவது சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லை. எதிராசனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வடக்கு வாசலை நோக்கி நடந்தார். குறிப்பாளர் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் எழுதினார்.

"வெளியே போகும்போது 'வேண்டாம்' எனக் கூறியதால், திரும்பி வர வேண்டாம் என்பதே உறுப்பினரின் கருத்து. அதற்கு இணங்க, ஓடம் அக்கரைக்குச் செல்லும்; திரும்பி வராது."

செவ்வாய்க்கிழமை சங்கிலியும் இன்னும் பதின்மூன்று பேரும் ஏறினார்கள். ஓடம் அக்கரை சேர்ந்தது. சட்டப்படி அங்கேயே நின்றது. திரும்பி வராத ஓடம் மறுபடி போக முடியாது என்பதை ஓடக்காரர் விண்ணப்பமாக எழுதிக் கொடுத்தார். அது பரிசீலனையில் இருந்தது. மருந்து பிடித்து முடித்த பதினான்கு பேரும் அக்கரைப் படியில் உட்கார்ந்து இக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெயிலுகந்தாள் சூளைக்குப் போகவில்லை. தோட்டத்தில் குலை வெட்டிப்போட்ட வாழைத்தண்டுகளை இழுத்துவந்தாள்.

"ஏளா வெயிலு, தண்டுல ஆத்தக் கடக்கப் போறியா? கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே கூட வேலை செய்யும் பொன்னுத்தாய் கயிற்றோடு வந்தாள். சூளை ஆட்கள் ஏழு பேர் சேர்ந்து மூங்கில் செருகித் தெப்பம் கட்டினார்கள். நான்கு நடையில் பதினான்கு பேரையும் கூட்டிவந்தார்கள். அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் தெப்பம் போனது, வந்தது. யாரும் உத்தரவு போடவில்லை. அதனால் ஒழுங்காக நடந்தது.

தேர்தல் வந்தது. "எல்லாக் குறைக்கும் தீர்வு!" என்று எதிராசனார் ஊர் ஊராகச் சொன்னார். மக்கள் சிக்கனராயரைத் தூக்கி எறிந்தார்கள். எதிராசனார் முதலமைச்சர் ஆனார். சிக்கனராயர் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். வடக்கு வாசலை அவருக்கு எதிராசனாரே காட்டிக்கொடுத்தார்.

புதிய அரசின் முதல் அறிவிப்பு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சந்தைச் சுவரில் ஏறியது. மேளம், வெடி, கூட்டம். தெப்பத்துக்குப் போகிற வழியில் வெயிலுகந்தாளைப் பிடித்து நிறுத்தினார்கள்.

"நீதான் படிச்சவ. சத்தமா வாசி!"

அவள் விரலை வைத்தாள். "தீ... ர்..."

"தீர்வு! தீர்வு வந்திட்டு!" கூட்டம் குதித்தது. மேளக்காரன் ஓங்கி அடித்தான்.

அவள் விரல் கடைசி எழுத்தில் நின்றது. வு என்றால் கீழே வால் இறங்க வேண்டும். இதில் வால் இல்லை. முன்னால் சங்கிலி கிடந்தது. எண்ணிப் பார்த்தாள். மூன்று சுழி.

"ஏ, மேளத்த நிறுத்துங்க. வு இல்ல. வை."

"வையா? எத வைக்கணுமாம்?" என்றாள் பொன்னுத்தாய்.

வெயிலுகந்தாள் மீதியையும் கூட்டிப் படித்தாள். தெரியாத எழுத்துகளைத் தாண்டித் தாண்டிப் படித்தாள். ஆற்றைக் கடக்கும் தெப்பத்துக்குத் தீர்வை. தலைக்கு ஒரு பணம்.

"காச வைக்கணுமாம்," என்றாள்.

படித்துறையில் ஒரு மேசை போட்டிருந்தது. குறிப்பாளர் ஏட்டோடு உட்கார்ந்திருந்தார். மேசையின் மேல் ஓர் உண்டியல். தெப்பத்தில் சங்கிலி ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தான். மூச்சு இழுப்பது கரைவரைக்கும் கேட்டது.

"தீர்வை கட்டுகிறீர்களா, இல்லையா?" என்றார் குறிப்பாளர். "ஒரே சொல்லில் பதில் சொல்லவும்."

வெயிலுகந்தாள் வாயைத் திறந்தாள். தனக்குத் தெரிந்த சொல் ஒவ்வொன்றையும் மனசுக்குள் எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். சேலையை இழுத்துச் செருகினாள். தெப்பத்தில் ஏறி, மூங்கிலைக் கரையில் ஊன்றித் தள்ளினாள்.

"என்ன புள்ள சொன்ன அவருகிட்ட?" என்றான் சங்கிலி.

"ஒண்ணும் சொல்லல."

"அப்பச் சரி. எழுதுறதுக்கு ஒண்ணும் இருக்காது."

நடு ஆற்றுக்கு வந்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள். குறிப்பாளர் ஏட்டின் மேல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.