மாரிட் இடம் மீட்ட படலம்

உறைபனிக் காலையிலும் ஒரே முடுக்கில் உயிர்த்தெழும் கார் பேட்டரியே, முதல் வணக்கம் உனக்கு! மஞ்சள் விளக்கு சுழலத் தெருவெங்கும் உப்பிறைத்துச் செல்லும் பெருவண்டியே, என் சொல் வழுக்காமல் காப்பாயாக! மின்னசோட்டாவின் பதினாயிரம் ஏரிகளுக்கும் மேலே வீற்றிருந்து, ஏப்ரல் பிறந்த பின்னும் பனி கொட்டி மாந்தரின் பொறுமையை அளந்து பார்க்கும் வானமே, இந்தக் கதை முடியும் வரையாவது சற்றே அடங்கியிரு! நீ அடங்கமாட்டாய் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுவைப்பது மரபு.

வாழ்க மாரிட்! தள்ளாடுவோர்க்கு ஊன்றுகோல், இடுப்பெலும்பு மாற்றியோர்க்கு இடப்புறத் தூண், முழங்கால் மடங்க மறுப்போரின் மனங்களை முதலில் மடக்கும் மொழியாள், நோர்டன் ஊர் முதியோர் இல்லத்து உடற்பயிற்சிக்கூடத்தின் ஒற்றைச் சுடர், டொல்லெஃப்சன் குலக்கொழுந்து, தன்னைத் தன் வாயால் ஒருநாளும் புகழ்ந்தறியாத தகைமையாள் மாரிட் வாழ்க! கடைசியாகச் சொன்ன அந்தத் தகைமைதான் அவளுக்குப் பிறவிப் பகை.

அவள் விரும்பியது அரியணையன்று, அயல்நாட்டு மணிமுடியுமன்று. பெர்ச் லேக் கல்லூரி என்னும் சிறுகல்லூரியில், ஒரு வகுப்புக்கு இருபத்துநான்கு பேரை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் இயன்முறை மருத்துவ முனைவர் படிப்பில், ஒரே ஓரிடம். படுத்த படுக்கையாய் வந்த ஒரு முதியவர் நாற்காலிக் கைப்பிடியை விட்டுத் தானே எழுந்து நிற்கும்போது மாரிட்டின் கண் கலங்கும். ஆனால் அவள் அங்கே உதவியாளர்தான். யாருக்கு எந்தப் பயிற்சி, எவ்வளவு நாள் என்று முடிவு செய்யும் உரிமை அவளுக்கு இல்லை. இவருக்கு இன்னும் இரண்டு வாரம் கொடுத்தால் நடந்துவிடுவார் என்று அவளுக்குத் தோன்றும். தோன்றியதை விழுங்கிக்கொண்டு துண்டுகளை மடித்துவைப்பாள். அது அவளுக்கு வலித்தது.

ஆகவே அவள் படையெடுத்தாள். உடற்கூறியல் என்னும் அகழியைத் தாண்டினாள். இயற்பியல் என்னும் மதிலில் இருமுறை சறுக்கி மூன்றாம் முறை ஏறினாள். தேர்ந்த மருத்துவர் அருகே நின்று நோக்கிக் கற்றதற்கான கையொப்பங்களை வெற்றிக்கொடிகள்போல் சேர்த்தாள். முதலாண்டு விண்ணப்பத்தில், இப்படிப்புக்கு நீங்கள் எவ்வகையில் தகுதியானவர் என்று கல்லூரி வினவியது. என்னைவிடத் தகுதியானவர் பலர் இருப்பர், ஆயினும் நான் நேரத்துக்கு வந்துவிடுவேன் என்று மாரிட் விடையெழுதினாள். இரண்டாமாண்டு அவளை நேர்காணலுக்கே அழைத்தார்கள். உம் சிறப்பைக் கூறுக என்றபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த பெண்ணின் சிறப்பை அவள் உள்ளம் உருகி எடுத்துரைத்தாள். அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது.

மூன்றாமாண்டில், விதியும் சற்றே களைத்துப்போயிற்றுப் போலும், காத்திருப்போர் வரிசையின் தலைமகளாய் அவளை நிறுத்தியது.

போர் தொடங்குமுன் இந்நாட்டு மரபொன்றை உரைத்தாக வேண்டும். இங்கே எவரும் எதையும் நீட்டிய மாத்திரத்தில் பெற்றுக்கொள்வதில்லை. ஒரு துண்டு கேக்கை நீட்டினால் முதல் விடை 'வேண்டாம்' என்பது, அது ஒழுக்கம். மறுபடி நீட்டினால் 'உங்களுக்கு எதற்குச் சிரமம்' என்பது, அது அன்பு. மூன்றாம் முறையும் நீட்டினால்தான் 'அப்படியானால் சின்னத் துண்டாக' என்பது, அதுவே ஒப்புதல். பந்தியில் இலைமேல் கையை விரித்து மறைத்தபடியே விரலிடுக்கில் பாயசத்துக்கு வழி விடுவோரைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நானும் இங்கே குடியேறிய புதிதில், ஒருமுறை மட்டும் கேட்டுவிட்டுப் பல விருந்தாளிகளைப் பட்டினியாய் அனுப்பியிருக்கிறேன்.

இம்மரபை அறியாத ஒருவர் அக்கல்லூரியில் இருந்தார். அவர் அப்படிப்பின் தலைவி, சென்ற இலையுதிர்காலத்தில்தான் நியூ ஜெர்சியிலிருந்து வந்து பொறுப்பேற்ற டாக்டர் கார்லா ஸ்கார்பெல்லி. நேர்வகிடு எடுத்த தலை, நேர்க்கோட்டில் நடக்கும் கால், நேராய்ப் பேசும் நாக்கு. சேர்ந்திருந்த மாணவர் ஒருவர் வேறூருக்குப் போய்விட்டதால் ஓரிடம் காலியானது. ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில், பனிபொழிந்து பகல் மங்கிய வேளையில், அவர் மாரிட்டைத் தொலைபேசியில் அழைத்தார்.

"மாரிட், நல்ல சேதி. ஒரு எடம் காலியாயிருக்கு. லிஸ்ட்ல நீங்கதான் மொதல்ல. எடுத்துக்கறீங்களா?"

மூன்றாண்டுத் தவத்தின் வரம் வாசலுக்கு வந்துவிட்டது. மாரிட்டின் நெஞ்சு முரசறைந்தது. கால்கள் தரையை மறந்தன. ஆனால் அந்தோ, நாவை ஆண்டது அவளல்லள்! கொடுங்குளிரில் ஒருவர்க்கொருவர் கடைசி விறகை விட்டுக்கொடுத்து வாழ்ந்த முன்னோர் அனைவரும் அந்நொடியில் அவள் தொண்டையில் எழுந்தருளினர்.

"அய்யோ, எனக்கா? வேண்டாங்க. என்னைவிடத் தேவைப்பட்டவங்க யாராவது இருப்பாங்க, அவங்களுக்குக் குடுங்களேன்."

சொல்லிவிட்டு, இரண்டாம் கேள்விக்காக அவள் இன்முகத்துடன் காத்து நின்றாள்.

"அப்படியா. சரி, வெளிப்படையா சொன்னதுக்கு நன்றி" என்று டாக்டர் ஸ்கார்பெல்லி தொலைபேசியை வைத்துவிட்டார்.

இல்லத்துப் பயிற்சிக்கூடத்தின் மறுகோடியில் ஒருவருடைய தோளை அசைத்துக்கொண்டிருந்த வெர்லின் திரும்பிப் பார்த்தார். அவர் அங்கே தலைமை இயன்முறை மருத்துவர். முப்பதாண்டுகளாக அங்கேயே இருப்பவர். மாரிட்டின் மூன்று படையெடுப்புக்கும் பரிந்துரை தந்தவர்.

"யாரு போன்ல?"

"காலேஜ். எடம் இருக்காம். வேணுமான்னு கேட்டாங்க."

"நீ வேண்டாம்னிருப்பே."

"ஆமா."

"அப்புறம் அவங்க ரெண்டாந்தடவை கேட்டாங்களா?"

"கேக்கல. சரின்னு வெச்சுட்டாங்க."

வெர்லின் அந்தத் தோளை மெதுவாக இறக்கிவைத்தார். "அவங்களுக்கு எந்த ஊரு?"

"நியூ ஜெர்சி."

"போச்சு" என்றார் வெர்லின். அதைவிடக் கடுமையான சொல்லை அவர் வாயிலிருந்து அவ்வில்லத்தார் கேட்டதில்லை.

மாரிட் மீண்டும் அழைத்தாள். இணைப்பு ஓய்வின்றிப் பேச்சில் இருந்தது. ஒருவழியாக அது ஒலிப்பதிவுக்குச் செல்ல, தன் வாழ்வின் வேட்கை முழுவதையும் திரட்டி அவள் பதிந்த செய்தியாவது: "நான் மாரிட் பேசறேன். ஒண்ணும் அவசரம் இல்லைங்க. உங்களுக்கு ஒழிஞ்சப்போ கூப்பிடுங்க. கூப்பிடாட்டியும் பரவாயில்ல." பதிந்துவிட்டுத் தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

இணைப்பு ஏன் ஓயவில்லை என்பதை யான் கூறுவேன். டாக்டர் ஸ்கார்பெல்லி வரிசையில் இரண்டாமவனை அழைத்திருந்தார். அவன் வெஸ்லி நைக்விஸ்ட். ஐஸ் ஹாக்கிக் களங்களில் மலையென மோதியவன். முன்பற்களில் ஒன்று பொய்ப்பல். அவனும் இம்மண்ணின் மைந்தனாதலால், "என்னைவிட ரொம்ப நாளா காத்திருக்கறவங்க இருப்பாங்களே" என்றான். தலைவிக்கு ஒன்றும் புரியவில்லை. என் கல்லூரிக்கு என்னதான் குறை என்று வருந்தியபடி மூன்றாமவருக்குச் செய்தி விட்டார். மூன்றாமவர் சிகாகோக்காரர், கேட்ட நொடியில் ஆம் என்று சொல்லும் குலத்தவர். அப்போது அவர் தேர்வொன்றில் அமர்ந்திருந்தார். தேர்வு முடிந்து அவர் தொலைபேசியை எடுக்கும் வரையில்தான் அந்த இடத்துக்கு ஆயுள்.

"நேர்ல போ" என்றார் வெர்லின். "போய் வேணும்னு சொல்லு. சும்மா சொல்லிப் பாரு, இங்கயே."

"வே..." என்றாள் மாரிட். அதற்குமேல் வரவில்லை.

"போற வழியில பழகிக்கோ" என்று அவர் அவளுடைய கோட்டை எடுத்து நீட்டினார்.

எழுந்தது தேர்! துருவேறிய கதவும் தூங்கும் வைப்பரும் உடையதாயினும், பனிக்காற்றைப் பிளந்து, வயல்களையும் தானியக் கோபுரங்களையும் பின்தள்ளி, வேணும் வேணும் என்று முணுமுணுக்கும் நாயகியைச் சுமந்து, முன்செல்லும் வண்டியை முந்துவது முறையன்றென்று அதன் பின்னாலேயே ஊர்ந்து, அத்தேர் ஏகியது. ஏகிய தேர் நாற்சந்தியில் நின்றது. அங்கே நான்கு திசையினரும் நின்றே செல்லவேண்டும். முதலில் வந்தவர் முதலில் போகலாம். ஊழ்வினையால் நால்வரும் ஒருங்கே வந்து சேர்ந்தனர். வடக்கே பால் வண்டி, கிழக்கே தபால் வண்டி, மேற்கே ஒரு நீல பிக்கப் வண்டி, தெற்கே மாரிட். தபால்காரர் இரு விரலுயர்த்திப் பால்காரரை அழைக்க, பால்காரர் தலையசைத்து பிக்கப்பை அழைக்க, பிக்கப்பினுள் இருந்த பெரிய கையுறை மாரிட்டை அழைக்க, மாரிட் புன்னகைத்துத் தபால்காரரை அழைக்க, வீச்சுக்கு வீச்சு, விரலுக்கு விரல், எதிரியை முன்செலுத்தியே தீருவது என்று நாற்படையும் வன்மம் கொண்டு நின்றன. பிறகு நான்கும் ஒன்றாய் நகர்ந்து, நான்கும் ஒன்றாய் நாணி நின்றன. இறுதியில் பால்காரர்தான் தோற்றுப்போய் முதலில் போனார்.

நீல பிக்கப் மாரிட்டின் பின்னாலேயே வந்தது. அவள் திரும்பிய இடமெல்லாம் திரும்பி, கல்லூரி வளாகத்தில் அவள் காருக்குப் பக்கத்திலேயே நின்றது. அதிலிருந்து இறங்கினான் வெஸ்லி. நேர்காணல் நாளில் இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து காபி குடித்தவர்கள். ஒருவரையொருவர் பார்த்த பார்வையிலேயே, வந்த காரியமும் செய்த தவறும் ஒன்றுதான் என்பது இருவர்க்கும் விளங்கிவிட்டது. பனியில் அருகருகே நடந்தனர்.

கண்ணாடிக் கதவு எதிர்ப்பட்டது. இருவர் கைகளும் ஒரே கணத்தில் பாய்ந்தன. கேளுங்கள், இந்நாட்டில் கதவைப் பிடிப்பவர் பின்னால் வருபவர். திறந்து நிற்பவர் கடைசியில் நுழைபவர். ஆகவே விரைந்த கையே வீழும் கை. ஆண்டுக்கணக்காய் ஹாக்கி மட்டை பிடித்துப் பழகிய வெஸ்லியின் கை முந்திற்று. கதவு திறந்தது. உள்ளேயிருந்து கதகதப்பான காற்று இருவர் முகத்திலும் அடித்தது.

"நீங்க போங்க" என்றான்.

"இல்லைங்க, நீங்க போங்க."

"உங்களுக்குச் சிரமம் வேண்டாம். போங்க."

"உங்களுக்கு எதுக்குக் குளிர்ல நிக்கற கஷ்டம். நீங்க போங்க."

வெஸ்லி கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்தான். "நான் அப்ளை பண்ணது இதுதான் மொத வருஷம்" என்றான். "போங்க, மாரிட்."

மூன்றாம் முறை வந்துவிட்டது. வழக்கமாய் இனிக்கும் அது இம்முறை இனிக்கவில்லை. எடுத்தால் அவன் பங்கு போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். "சரி" என்றாள். உள்ளே நுழைந்தாள். மாடிப்படி முழுவதும் அவளுக்கு முகம் எரிந்தது.

டாக்டர் ஸ்கார்பெல்லி நிமிர்ந்து பார்த்தார். பனி அப்பிய பூட்ஸோடு ஒரு பெண் வந்து நின்றால் எவரும் கேட்பதையே கேட்டார்.

"காபி?"

"வேண்டாங்க" என்றது மாரிட்டின் நாக்கு.

அந்நொடி அவளுக்குள் நிகழ்ந்த போரை ஆயிரம் நாவுடையோனும் பாட மாட்டான். ஒருபுறம் குலமும் கோத்திரமும், தேவாலயத்துப் பின்வரிசையும், ஆறிய காபியே போதும் என்று வாழ்ந்து மறைந்த அத்தைமார் அனைவரும் அணிவகுத்து நின்றனர். மறுபுறம் நாற்காலிக் கைப்பிடியை விட்டு எழத் தவிக்கும் முதியவர் ஒருவர் மட்டும் நின்றார்.

"இல்ல. வேணும்" என்றாள் மாரிட். "காபியும் வேணும். அந்த எடமும் வேணும்."

"மத்தியானம் வேண்டாம்னீங்களே?"

"அது மொத தடவைங்க. இங்க மூணு தடவை கேக்கணும்."

டாக்டர் ஸ்கார்பெல்லி பேனாவைக் கீழே வைத்தார். வந்து சேர்ந்த நாள் முதலாய்த் தாம் கேட்ட வேண்டாம்கள் எல்லாம், மறுக்கப்பட்ட மதிய உணவுகளும் ஏற்கப்படாத அழைப்புகளும் ஒவ்வொன்றாய், அவர் முகத்தில் வந்து போயின.

"அப்ப அந்தப் பையன், வெஸ்லி?"

பொய் சொல்லலாம். மாரிட்டுக்கு அது தோன்றவும் செய்தது.

"அவருக்கும் வேணும்ங்க. அதுக்குத்தான் வந்திருக்கார். கீழ கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறார்."

"எடம் ஒண்ணுதான் இருக்கு, மாரிட். அவருக்கு விட்டுத்தர்றீங்களா?"

சன்னலுக்கு வெளியே பனி இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. மேசைமேல் தொலைபேசி அதிரத் தொடங்கியது. சிகாகோக்காரர் தேர்வு எழுதி முடித்துவிட்டார்.

"இல்லைங்க" என்றாள் மாரிட். "எனக்கு வேணும்."

"இதை நான் இன்னும் ரெண்டு தடவை கேக்கணுமா?"

"ஒரு தடவை போதும்ங்க."

வென்றாள் மாரிட்! முழங்குக முரசம், ஊதுக சங்கம், பெர்ச் லேக்கின் உறைந்த நீர்ப்பரப்பும் இப்புகழ் கேட்டுப் பிளந்து வழிவிடுக! மூவாண்டுப் போரில் வாகை சூடிய அந்த வீராங்கனை, சூடு ஆறாத காபிக் கோப்பையை இரு கையாலும் ஏந்தி, வெற்றிப் பெருமிதம் என்பது இத்தனை சங்கடமாகவா இருக்கும் என்று வியந்தபடி, அரண்மனை மாடத்தில் நிற்கும் அரசிபோல் சன்னலருகே சென்று கீழே நோக்கினாள்.

வெஸ்லி தன் வண்டிக் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டி முடித்துவிட்டு, பக்கத்தில் நின்ற அவளுடைய காரின் கண்ணாடியையும் சுரண்டிக்கொண்டிருந்தான்.