மலையேறிய கம்பளி

கள்ளக்குறிச்சியில் சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிந்த ஒரே மனிதர் எங்கள் கம்பளியார்தான். விளம்பரமாம். பார்த்தவர்களுக்கே வியர்த்தது, யாரும் வாங்கவில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரே ஜவுளிக்கடையில் வேலை. நான் வேட்டிப் பிரிவு. அவர் கம்பளிப் பிரிவு. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் மின்விசிறிக் காற்றுக்காக வருகிறவர்கள்.

கடைக்குள் 'மூடு', 'அணை' போன்ற சொற்களுக்கு அவர் தடை போட்டிருந்தார். அபசகுனமாம். சாமி படத்து விளக்கு அணைந்தால் "மலையேறிடுச்சு" என்றுதான் சொல்ல வேண்டும். முதலாளியே அதற்குப் பழகிவிட்டார்.

அதுதான் வினையாயிற்று. ஒருநாள் முதலாளி என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவரிடம் பேச்சை எடுத்தார்.

"கம்பளி ஓட மாட்டேங்குதுப்பா. பேசாம அந்தப் பிரிவ மூடி..."

கம்பளியார் காதைப் பொத்திக்கொண்டார். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா இன்னா பேச்சு மொதலாளி இது?"

"சரி, நிறுத்தி..."

"ஐயய்யோ!"

முதலாளி களைத்துப்போனார். "யப்பா, உன் பாஷையிலயே சொல்றேன். கம்பளிய மலையேத்திடு. போதுமா?"

"ஆவட்டுங்க" என்றார், வெகு பணிவாக. எனக்குத்தான் கவலை. இந்த வயதில், ஸ்வெட்டர் போட்டவருக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

மறுநாள் கம்பளிப் பிரிவு காலி. கம்பளியாரும் இல்லை. முதலாளி போன் போட்டார்.

"வெள்ளிமலையில இருக்கேங்க. ஒரு எடம் புடிச்சு அடுக்கிக்கினு இருக்கேன். நீங்கதான மலையேத்த சொன்னீங்க?"

திட்டுவதற்கென்றே முதலாளி என்னையும் இழுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்கு பஸ் ஏறினார். மேலே ஒரே தூறல், பனி. கம்பளியார் முன்னால் ஒரு அம்மா, "இன்னொண்ணு குடுங்க, எங்க வூட்டுக்காரருக்கும்" என்று நின்றிருந்தார். முதலாளி வாயைத் திறந்தார், பல்தான் தந்தியடித்தது. கம்பளியார் அவர் தோளில் ஒரு கம்பளியைப் போர்த்தினார்.

"பில்லு போட்டுடவா மொதலாளி?"

திரும்பும்போது முதலாளி கம்பளிக்குள்ளிருந்து பேசினார். "அது பாட்டுக்கு அங்கியே இருக்கட்டும்யா."

கம்பளியார் வேண்டுமென்றேதான் தப்பாகப் புரிந்துகொண்டாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அவர் இல்லாத கடை எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அவரிடம் நானும் ஒரு கம்பளி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு அதைப் போர்த்திக்கொள்கிறேன். வியர்த்துக் கொட்டுகிறது, எடுக்க மனம் வருவதில்லை.