விளக்கு தலைகுனியாத நாடு

வரைபடத்தை மடித்தால் மடிப்புக்குள் மறைந்துபோகும் இடத்தில் மடிமலை என்றொரு நாடு இருந்தது. மேலே கோட்டை, கீழே சந்தை, நடுவே ஒரே ஒரு மலைப்பாதை. அந்தப் பாதையில் அஞ்சுகம் காய்கறி வேன் ஓட்டினாள். அவள் ஓட்டிய வேனில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

தேர்தலில் ஜெயித்து நாட்டை ஆண்டவருக்குப் பேரொளியார் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்வது குற்றமென்று ஆனபிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஒருநாள் அவருடைய காரைப் பழுதுபார்த்த மெக்கானிக், முகப்பு விளக்குகளை வழக்கப்படி சற்றே கீழ்நோக்கித் திருப்பி வைத்தான். ஒளித்துறை அமைச்சர் கதிர்நம்பி அதைக் கண்டு பதறிப்போனார்.

"குனிந்த விளக்கு குனிந்த தலைக்குச் சமம். நம் தலைவரின் விளக்கு தரையைப் பார்க்கலாமா?"

அன்றே சட்டம் வந்தது. பதவி உயர உயர விளக்கின் பார்வையும் உயரவேண்டும். அரசு வண்டிகளிலெல்லாம் வெள்ளை வெளேரென்று புது விளக்குகள் பொருத்தப்பட்டு, எதிரே வருபவர் கண்ணுக்கு நேராகத் திருப்பப்பட்டன. குடிமக்களுக்குப் பழைய மஞ்சள் விளக்கே போதுமென்று முடிவாயிற்று.

அஞ்சுகத்தோடு வேன் ஓட்டிய மாடசாமி, அமைச்சரின் காருக்கு எதிரே கண் கூசி ஒரு வாகை மரத்தில் மோதிக் காலை உடைத்துக்கொண்டான். விசாரணைக் குழு அமைந்தது. மரம் நகராமல் நின்றதே காரணம் என்று குழு கண்டறிந்தது. பாதையோர மரங்களையெல்லாம் வெட்டினார்கள். அதன்பிறகு எந்த வண்டியும் மரத்தில் மோதவில்லை. நேராகப் பள்ளத்தில் இறங்கின.

இரண்டாவது வேன் இறங்கிய மறுநாள் அஞ்சுகம் அமைச்சரிடம் போய் நின்றாள்.

"ஐயா, எதிர்ல உங்க வண்டி வந்தா எனக்கு ரோடே தெரியல. விளக்கைக் கொஞ்சம் தாழ்த்துனாப் போதும்."

"அம்மா, ஒளி போதவில்லையென்றால் பரிசீலிக்கலாம். ஒளி அதிகமென்று எந்த நாட்டு மக்களாவது குறைபட்டதுண்டா?"

"வெளிச்சம் உங்களுக்கு ஐயா. எங்களுக்குக் கண்ணே போகுது."

அமைச்சர் ஆழ்ந்து யோசித்தார். மறுவாரமே ஒளி மரியாதைச் சட்டம் பிறந்தது. அரசு விளக்கு கண்ணில் பட்டதும் குடிமக்கள் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும். ஒளி கடந்துபோகும்வரை நகரக்கூடாது. நகர்ந்தால் லைசென்ஸ் போய்விடும்.

கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்த மாடசாமிக்கு அஞ்சுகம் அதைப் படித்துக் காட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி படித்தாள்.

"அண்ணே, நிக்கணும்னுதான போட்டிருக்கு? அப்ப நிப்போம்."

மாடசாமி தாளை வாங்கித் தானும் ஒருமுறை படித்தான். பிறகு கட்டில் ஆடும்படி சிரித்தான்.

பேரொளியாரின் பிறந்தநாள் அன்று அந்தி சாயும் நேரத்தில் அவருடைய ஊர்வலம் சந்தையை நோக்கி இறங்கியது. சந்தையின் வேன்கள் வரிசையாக மேலே ஏறின. குறுகலான வளைவில் வெளிச்சம் முகத்தில் அறைந்ததும் முதல் ஆளாக அஞ்சுகம் நிறுத்தினாள்.  பின்னால் ஒவ்வொரு வேனாக நிற்கும் சத்தம் கேட்டபிறகுதான் என்ஜினை அணைத்தாள்.

கதிர்நம்பி ஓடிவந்தார். "வண்டியை நகர்த்து."

"சட்டம் இருக்கே ஐயா. வெளிச்சம் தாண்டினாத்தான் நகரணும்."

"நீ நகர்ந்தால்தானே வெளிச்சம் தாண்டும்?"

"வெளிச்சம் தாண்டினாத்தானே நான் நகரலாம்?"

ஊர்வலம் பின்வாங்கவும் முடியவில்லை. ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் பின்னால் நின்ற காரின் விளக்கு தகித்தது. ஓட்டுநர்கள் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் பேரொளியாரே இறங்கினார். கம்பீரமாக நாலடி நடந்து, காரை முன்னே வரச்சொல்லத் திரும்பினார். அவருடைய விளக்கு அவர் முகத்திலேயே விழுந்தது. இரு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு தடுமாறி, பாதையின் விளிம்புக்குப் போனார். பிடித்துக்கொள்ள அங்கே ஒரு மரமும் இல்லை.

அஞ்சுகம் பாய்ந்து அவர் தோளைப் பற்றி இழுத்தாள். "பாத்துய்யா, பள்ளம்."

"அந்த விளக்கை யாராவது இறக்குங்களேன்" என்றார் பேரொளியார். மேடையில் யாரும் கேட்டிராத, மிகச் சாதாரணமான குரல் அது.

ஒவ்வொரு காராக விளக்குகள் தலை தாழ்ந்தன. கோட்டையிலிருந்து சந்தைவரை பாதை தெரிந்தது. கல்லும் குழியும் வளைவும் தெரிந்தன. வேன்களெல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்ததில் மலையே அதிர்ந்தது. மரியாதையாக வழிவிட்டு, அஞ்சுகம் மேலே ஓட்டிப்போனாள். கண்ணில் நீர் வழிந்தது, கண் கூசியதால் அல்ல.

மறுநாள் ஊரெங்கும் சுவரொட்டி. 'விளக்கைத் தாழ்த்திய வித்தகர் பேரொளியார்.' யாரும் அதைக் கிழிக்கவில்லை. தேர்தலுக்கு இன்னும் நாள் இருந்தது.

தேர்தல் வந்தபோது வேட்பாளர்கள் காரில் சந்தைக்கு வந்தார்கள். முதலில் வந்தவர் கதிர்நம்பி. தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"பேச்சு அப்புறம் ஐயா" என்றாள் அஞ்சுகம். "முதல்ல உங்க வண்டி முன்னால வந்து நில்லுங்க."

நின்றார். விளக்கைப் போட்டார்கள். அது மறுபடி நிமிர்ந்திருந்தது. அவர் கண்ணை மூடினார்.

கூட்டம் அமைதியாக அடுத்தவரைக் கூப்பிட்டது.